முதல் சீசா

படகோட்டி ரொங்மோன் எஞ்சினின் கைப்பிடியை வேகமாகச் சுழற்றினான். படகு ஒருமுறை இருமியது. நின்றுவிட்டது.

கரையில் ஊரே மூச்சைப் பிடித்து நின்றது. எனக்கு மட்டும், கண்ணுகளா, நெஞ்சு எஞ்சினைவிடச் சத்தமாக அடித்தது.

டாங்கியில் இருந்தது கடை டீசல் இல்லை. ஏரியை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரையிலிருந்து என் ஓரகத்தி நிபா எடுத்த முதல் சீசா டீசல். டவுன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவும் வேலை அவளுக்கு. அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றாள்.

ஒரு படகு நிறைய அந்தக் கொடியைக் காய வைத்தால் ஒரு கரண்டி எண்ணெய் கிடைக்கும். அதை டீசலாக மாற்றுவது வாழைத்தோல் சாம்பல். நாங்கள் தண்ணீர் ஊற்றி வடித்துப் பப்பாளிக்காய் வேக வைப்போமே, அதே சாம்பல்தான். ஆனால் இதற்குச் சொட்டு ஈரம் ஆகாது.

இன்று படகு எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பாவிட்டால் நாளைக் காலை ஏரியில் களைமருந்து தெளிப்பது என்று மீனவர் சங்கம் முடிவெடுத்திருந்தது.

கொடி சாகும். கூடவே மீனும்.

இரண்டாவது சுற்று. வெறும் புகை.

"இதுவும் ஓடலைன்னா விடு நிபா, போன தடவை மாதிரி சோப்பாக்கிடு. என் வேட்டியாவது வெளுக்கும்!" என்று கத்தினார் போலோராம் மாமா. கரையே சிரித்தது.

போன தடவை, ஆறு மாதம் சேர்த்த எண்ணெய் ஒரே நாளில் பச்சைச் சோப்பாக உறைந்துபோனது. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிச் சாம்பல் நனைந்துவிட்டது என்று நிபா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது சுற்று.

டப். டப். டபடபடபடப!

கொக்குகள் மொத்தமாக எழும்பின. பெண்கள் போட்ட குலவையில் எஞ்சின் சத்தமே அமுங்கிப்போனது. ஊதாப் பூக்களைக் கிழித்துக்கொண்டு படகு போனது, போனது, எதிர்க்கரையைத் தொட்டது. ரொங்மோன் தோளில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டை எடுத்துச் சுழற்றினான்.

சங்கத் தலைவர் மருந்து டப்பாக்களை எட்டி உதைத்தார்.

"கடைக்கே திருப்பிக் குடுத்துட்டு வாங்கடா!"

போலோராம் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

படகு திரும்பி வந்து கரையில் முட்டியபோது நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கையெல்லாம் சேறு.

நிபா ஓடி வந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, வாழை இலையில் மடித்த எதையோ என் கையில் வைத்தாள்.

பச்சைச் சோப்பு. ஒரு துண்டு.

"கையைக் கழுவிட்டு ஏறுங்கக்கா. முதல் சவாரி உங்களுக்குத்தான்."

நுரை நன்றாகவே வந்தது. வெகுநேரம் கழுவினேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

அந்த எண்ணெய் உறைவதற்கு முந்தின பிஹு பண்டிகைக்கே எங்கள் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தோம். எந்த மழைக்கும் அது ஒழுகியதில்லை.

எண்ணெய் சோப்பான அன்று காலை நிபா வேலைக்குப் போன பிறகு, சாம்பல் டப்பாவின் பக்கத்தில் ஈரக்கையோடு உட்கார்ந்து பப்பாளிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது நான்.