திறக்கும் கட்டளை

கணவன் உமாபதியை விட்டுப் போகிற அன்று, தாரிணி அவனுடைய செயற்கைக் கையைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். அதைச் செய்த நிறுவனம் மூடிப்போனது. கையை இயக்கிய மென்பொருளும் நேற்றோடு நின்றுவிட்டது. இனி உமாபதியால் அந்தக் கையில் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. நல்லவேளையாக, யூஎஸ்பி கம்பி வழியே மென்பொருள் கைக்கு அனுப்பிய எண்களை அவள் முன்பே பதிவுசெய்து, எவற்றுக்கு விரல்கள் மூடுகின்றன, எவற்றுக்குத் திறக்கின்றன என்று பிரித்து வைத்திருந்தாள். அதே எண்களைத் தானே எழுதிய நிரலிலிருந்து அனுப்பினால் போதும்.

சோதித்துப் பார்க்கத் தன் இடது மணிக்கட்டை, அவன் மாட்டியிருந்த அந்தக் கையின் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடின. திறக்கும் கட்டளையை அனுப்பினாள். கை அசையவில்லை. மறுபடி அனுப்பியும் அசையவில்லை.

“நீ என் கையைப் பிடிச்சு எவ்வளவு நாளாச்சு,” என்றான் உமாபதி.

“நான் எங்க பிடிச்சேன்? உன் கைதான் பிடிச்சிருக்கு.”

“அதுவும் நீ சொல்லித்தானே.”

அவள் ஒற்றைக் கையால் பதிவைத் திறந்தாள். மூடும் கட்டளை எப்போதும் ஒன்றாகவே இருந்தது. திறக்கும் கட்டளையில் மட்டும் கடைசி எண் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடியிருந்தது. ஒருமுறை ஏற்றுக்கொண்ட எண்ணை அந்தக் கை மறுமுறை ஏற்பதில்லை. அவள் பழையதையே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒன்றைக் கூட்டினாள். அவள் விரல் என்டர் பொத்தான்மீது போய் நின்றது.

“வலிக்குதா?” என்றான். “எனக்கு ஒண்ணும் தெரியல.”

“இல்ல.”

“அப்ப அழுத்து. பஸ் போயிடும்.”