சுட்டுவிரல் சார்

அவன் திரும்பியபோது வகுப்பே அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

ஏழாம் வகுப்பின் எல்லா முதுகுகளும்.

பிள்ளைகள் பின்சுவரைப் பார்த்து வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு எதையோ விளக்கினார்கள். மைதீன் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டான்.

அந்த மீசை, பயிற்சி ஆசிரியனான அவனுடையது.

காது கேளாத பிள்ளைகளுக்கு, கரும்பலகையைப் பார்த்தபடி, ஒளிச்சேர்க்கையைப் பற்றி நல்ல உச்சரிப்போடு பாடம் நடத்தியிருக்கிறான்.

பி.எட். சிறப்புக் கல்வியில் இதைப் பற்றித் தனிப் பாடமே உண்டு. ஆசிரியரின் முகம் எப்போதும் மாணவர்களை நோக்கியிருக்க வேண்டும். அந்தத் தேர்வில் அவன்தான் முதல்.

சத்தம் போட்டுக் கூப்பிட்டான்.

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது.

லைட்டை அணைத்து அணைத்துப் போட்டால் திரும்புவார்கள். சுவிட்சைத் தட்டினான். கரண்ட் இல்லை.

அதிர்ந்தாலாவது திரும்புவார்கள் என்று தரையை ஓங்கி மிதித்தான். சிமென்ட் தரை. கால்தான் வலித்தது.

இன்றோடு பயிற்சி முடிகிறது. இவர்கள் இன்னும் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.

அப்பா வைத்த பெயர் இருக்கிறது. அதை எழுத்தெழுத்தாக விரலில் சொல்லி முடிப்பதற்குள் ரீசஸ் வந்துவிடும். இங்கே ஆளுக்கு ஒரு சைகைதான் பெயர். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் எஸ்தர் டீச்சர். கக்கத்தை இறுக்கினால் போன வருஷம் பயிற்சிக்கு வந்தவர். மழையிலும் குடையை விரிக்காமல் கக்கத்திலேயே வைத்திருந்தாராம்.

அவன் முதல் நாளே தன் பெயரைத் தானே முடிவு செய்துகொண்டு வந்தான். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகிய சைகை.

நட்சத்திரம்.

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். மின்விசிறி இருந்தது. குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாமளே வச்சுக்கக் கூடாது சார். அதுங்களுக்காத் தோணணும்," என்றார் எஸ்தர் டீச்சர்.

தோன்றவில்லை.

அவனைக் குறிக்கச் சுட்டுவிரலை நீட்டினார்கள். நாற்காலிக்கும் அதே விரல்தான்.

நாற்காலிக்குக் கவலையில்லை. அது நாளைக்கும் இங்கேதான் இருக்கும். எதிரே இல்லாத ஆளை எங்கே நீட்டிக் காட்டுவது? நாளை முதல் அவனைத் திட்டக்கூட இந்த வகுப்புக்கு வழியில்லை.

அவன் பெஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு பின்சுவருக்குப் போனான். பிள்ளைகளுக்கு எதிரே நின்றான்.

இப்போது அது முன்சுவர்.

வகுப்புத் தலைவி இசக்கி கையைக் கட்டிக்கொண்டாள். சரி, நடத்தும், பார்ப்போம் என்கிற முகம்.

அவன் திரும்பவில்லை. சாக்பீஸோடு வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பார்க்காமலே சுவரில் ஓர் இலை வரைந்தான். முகம் பிள்ளைகள் பக்கமே இருந்தது. இடது கையால் வெயில் காட்டினான். தண்ணீர் காட்டினான். இலை சாப்பிடுவதைக் காட்டினான்.

இலை மீனாக வந்திருந்தது.

மைதீன் எழுந்து கையால் கேட்டான். 'மீன் வெயிலைச் சாப்பிடுமா?'

'எங்க வீட்டுல வெயில்தான் மீனைச் சாப்பிடும்,' என்று கையாலேயே பதில் சொன்னாள் ரோஸ்லின். அவள் வீட்டில் கருவாடு வியாபாரம்.

வகுப்பு சிரித்தது. சத்தமாகவே சிரித்தது. எஸ்தர் டீச்சர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். சுவரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். தன் பெயரைத் தானே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவன் விடவில்லை. மீனுக்குக் காம்பு போட்டான். நரம்பு போட்டான். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. சட்டையின் பின்புறம் வெள்ளையடித்தாயிற்று.

பாடம் முடிந்ததும் இசக்கி எழுந்து எல்லாவற்றையும் கையால் திருப்பிச் சொன்னாள். வெயில், தண்ணீர், காற்று, உணவு. ஒரு தப்பில்லை.

இலையை மட்டும் மீன் என்றாள். வேண்டுமென்றேதான்.

சாயங்காலம் பிள்ளைகள் மூலையில் கூடிச் சண்டை போட்டார்கள். கைகள் பறந்தன. அவனுக்குத் தெரிந்த சைகை மொழிக்கு அந்த வேகம் எட்டவில்லை. கிட்டே போனான். எல்லாக் கைகளும் பாவாடைக்கும் கால்சட்டைப் பைக்கும் போய்விட்டன.

பையை எடுத்துக்கொண்டான். டாட்டா காட்டினான்.

ஒரு சுட்டுவிரல்கூட நீளவில்லை.

மைதானத்தைக் கடந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தான்.

கேட் வந்ததும் திரும்பிப் பார்த்தான்.

வராந்தா நெடுக ஏழாம் வகுப்பு வரிசையாக நின்றது. மறுபடியும் முதுகு. இசக்கி முதுகு. மைதீன் முதுகு. ரோஸ்லின் பின்னல்.

பை தோளிலிருந்து வழிந்தது.

பிறகுதான் கைகளைக் கவனித்தான்.

எல்லோருடைய வலது கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. விரல்களைக் குவித்து, பார்க்காமலே, காற்றில் மீன் வரைந்துகொண்டிருந்தார்கள். வரைந்து முடித்தார்கள். மறுபடி முதலிலிருந்து வரைந்தார்கள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வாட்ச்மேன் வேலைக்குப் புதுசு. வராந்தாவைப் பார்த்தார். அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"என்ன சார், பிள்ளைய பூரா மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்கி. எதும் சண்டையா?"

"இல்லண்ணே," என்றான். "என்னைக் கூப்பிடுதாவ."