மூன்றாவது தாழ்ப்பாள்

கர்ர்ர்... டக்.

இன்றைக்கும் அதே சத்தம். வாசல் பக்கம்.

ஜோசலின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மடியில் இரண்டு மாதப் பிள்ளை. மணி எட்டுதான், மலேசியாவின் கோலா சாவா தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அதற்குள் எல்லாக் கதவையும் சாத்திவிடுவார்கள். புருஷன் ராய்ஸ்டன் செனாவாங் ஃபேக்டரிக்கு நைட் ஷிப்ட் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது.

"கேட்டுச்சா?" என்றாள் போனைப் பார்த்து.

திரையில் பெவர்லியும் பிரேமநாதனும். மூன்று பேரும் ஒரு சின்னக் கம்பெனியின் டிசைன் குழு. பிள்ளை தூங்கின பிறகுதான் ஜோசலினால் வேலை பார்க்க முடியும் என்று மீட்டிங்கையே எட்டு மணிக்கு மாற்றியிருந்தாள் பெவர்லி. இப்போதைய வேலை, தனியாக இருக்கும் பெண்களுக்கு ஒரு தாழ்ப்பாள். நாளைக்குக் கஸ்டமரிடம் படம் காட்ட வேண்டும்.

"யாரு அது?" என்றாள் பெவர்லி.

"பக்கத்து வீட்டு மாயாண்டி. தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்கின பழைய மண்டோர். பெண்சாதி இல்ல. இருட்டினா என் வாசல்லதான் நிக்கிறாரு, இருமல் கேக்கும். பகல்ல பிள்ளைய வெளிய தூக்கிட்டு வந்தா வச்ச கண்ணு வாங்காம பாக்குறாரு."

"ராய்ஸ்டன்கிட்ட சொன்னியா?"

"நல்ல மனுஷன்லா அவரு, அப்படீங்கிறாரு. இவருக்கு எல்லாருமே நல்ல மனுஷன்தான்."

ஜோசலின் முதல் படத்தைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல் தடிமனுக்கு இரும்புத் தண்டு, மேலும் கீழும் கொண்டி.

பிரேமநாதன் சிரித்தான். "யானைக் கொட்டாய்க்கா? ஒரு கையில பிள்ள இருந்தா எப்படிப் போடுவே?"

அவள் பிள்ளையைத் தோளில் போட்டு மறு கையைக் காற்றில் அசைத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்ப பலத்தப் பத்தி யோசிக்க வேணாம்," என்றாள் பெவர்லி. "ஒரு கையப் பத்தி யோசி. வரை."

இரண்டாவது படம் பத்து நிமிஷத்தில் வந்தது. முழங்கையால் தட்டினால் விழுகிற தாழ்ப்பாள்.

"இது ஓக்கே," என்றான் பிரேமநாதன். "இப்ப உன் கதவுல இருக்கிறதப் போட்டுக் காட்டு. கை எங்க இடிக்குதுனு பாப்போம்."

ஜோசலின் அசையவில்லை.

"ஜோ?"

"நான் தாழ்ப்பாள் போடுறதில்ல."

"இவ்வளவு பயத்த வச்சிக்கிட்டா?" பெவர்லிக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"பிள்ள பொறந்தப்ப எனக்குக் கைகால் இழுப்பு வந்துச்சுல்ல. வீட்டுக்கு வந்தும் ஒரு தடவ வந்துச்சு. இனிமே வராதுனு டாக்டர் சொல்லிட்டாங்க. வந்தா? நான் தரையில கெடப்பேன், பிள்ள கத்தும். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தா யாரு வந்து தூக்குவா?"



பிரேமநாதன் தன் பின்னாலிருந்த பலகையில் எழுதியிருந்ததை உள்ளங்கையால் அழித்தான். "நாம தப்பான கேள்விக்குப் படம் போட்டுக்கிட்டு இருந்திருக்கோம். கெட்டவன் வரக்கூடாது, வேண்டியவங்க வரணும். ரெண்டும் ஒரே கதவுல."

மூன்றாவது படத்தைப் பெவர்லியே வரைந்தாள். உள் தாழ்ப்பாள், அதிலிருந்து வெளியே போகும் ஒரு கயிறு. "இழுத்தா திறக்கும். கயிறு யாரு கையில?"

"அப்படி இங்க எனக்கு யாரு இருக்கா?"

தூறல் போட ஆரம்பித்தது. வெளியே மறுபடியும் கர்ர்ர்... டக். இந்த முறை கதவை ஒட்டியே.

பயம் எங்கே போனதோ, ஜோசலின் எழுந்து ஒரே இழுப்பில் கதவைத் திறந்தாள்.

மாயாண்டி ஒரு கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சாரல் படாத இடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். தோளில் போர்வை.

"இங்க என்ன பண்றீங்க?"

"பயந்துட்டியாம்மா? தூக்கினா காலு கழண்டுருது, அதான் இழுக்கிறேன்."

"என் வாசல்ல எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"நீதான் தாழ்ப்பாள் போடுறதில்லையே. காத்தடிச்சா கதவு ஆடுது."

"போடுனு சொல்லலாம்ல?"

"எப்படிம்மா சொல்றது? உனக்கு நெனப்பு இருக்காது, வீட்டுல இழுப்பு வந்த அன்னைக்கு ராய்ஸ்டன் உன்னப் புடிச்சிக்கிட்டான், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பிள்ள எங்கிட்டதான இருந்துச்சு. நீ ஏன் போடலனு எனக்குத் தெரியாதா? நீ பூட்டிட்டு விழுந்தா கதவ ஒடைக்க எனக்குத் தெம்பு இல்ல. தொறந்து போட்டாலும் மனசு கேக்கல. அதான் காலையில அவன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

"எத்தன நாளா?"

"அந்தத் தடவ நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து."

ஜோசலின் உள்ளே போய்த் தொட்டில் கயிற்றில் மீந்திருந்த நீளத் துண்டை எடுத்தாள். ஒரு முனையைத் தாழ்ப்பாளில் கட்டினாள். லயத்து வீட்டில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. மறு முனையை அந்த இடைவெளி வழியாக மாயாண்டி வீட்டுப் பக்கம் வீசினாள்.

"அங்கிள், வீட்டுக்குப் போய் இழுத்துப் பாருங்க."

அவள் சோதனைக்குப் போட்டிருந்த தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு திறந்தது. போனில் பிரேமநாதன் மெதுவாகக் கை தட்டினான்.

"தெறந்துச்சாம்மா?" சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது. "கைல சுத்தி வச்சிக்கிறேன்."

"சரி அங்கிள். படுங்க."

இத்தனை வாரமாக உட்கார்ந்தே இரவைக் கழித்த மனிதர் இன்றைக்காவது கால் நீட்டட்டும் என்று, ஜோசலின் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.