பாடாத ரேடியோ

மயிலாப்பூர் ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அல்போன்ஸ், காபி நீட்டிய அவர் மகள் லூயிசாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் அலமாரி மேலிருந்த பழைய ரேடியோவில்தான்.

"நகை, சீர் எதுவும் வேணாம் மாமா. அந்த ரேடியோ மட்டும் போதும்."

ஆம்ப்ரோஸ் நெளிந்தார். "அது ஒரு மாசமா பாடவே இல்லையே தம்பி!"

"பாட வேணாம். உள்ள பல்பு மாதிரி இருக்கற கண்ணாடி வால்வுதான் வேணும். இப்ப அதை எவனும் செய்யறதில்ல. அது கிடைக்காம எங்க கிண்டி ஃபேக்டரில வெல்டிங் மெஷின் மூணு வாரமா படுத்துக் கிடக்கு."

லூயிசா களுக்கென்று சிரித்துவிட்டாள். "அச்சச்சோ! அதைப் போன மாசமே கழட்டி நான் வேலை பாக்கற லேப்ல ரிப்பேரான மீட்டருக்குப் போட்டுட்டேனே!"

அல்போன்ஸ் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ரேடியோ வேணாம் மாமா. பொண்ணைக் குடுங்க!"