தேவசகாயத்தின் நகல்

முழங்கால் வலியைச் சொல்லி, பல்கலைக்கழகத்தில் முதியோருக்கு நடக்கும் ஓவிய ரசனை வகுப்புக்குத் தன் உருவத்தில் நகலாகச் செய்த இயந்திர மனிதனையே மனைவி ஸ்டெல்லாவுடன் அனுப்பிவந்தார் தேவசகாயம். அது பழுதானதால் ஒருநாள் அவரே போனார். விளக்கை அணைத்துப் படங்களைக் காட்டத் தொடங்கியதும் தூங்கிப்போனார்.

திரும்பும்போது பேருந்தில் ஸ்டெல்லா பேசவே இல்லை.

"என்ன, உம்முன்னு வர்ற?"

"அது வந்தா, 'உனக்கு எந்தப் படம் பிடிச்சுது'ன்னு கேக்கும். வீடு வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வருவேன்."

அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி எதையும் அவர் கேட்டதில்லை.

மறுநாள் நகலைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"இது வீட்லயே இருக்கட்டும். அடுத்த வாரமும் நானே வர்றேன்," என்றார்.

ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்தாள்.

"வாங்க. ஆனா அதுவும் வரட்டும்."