றஹ்மாவின் சுடுதண்ணீர்

2024 டிசம்பர் 10, செவ்வாய். மழை. வீட்டு டிரிப் சுவிச் மூன்று நாளாக விழுகிறது. ஈரம் இறங்கியிருக்கலாம். அதைத் தவிர்த்து, மெயினிலிருந்து நேராக வயர் கொடுத்திருக்கிறேன். பிழைதான். மழை விட்டதும் திருத்த வேண்டும்.

இதை நேற்று எழுதியவர் அன்ஸார். துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் மின் வேலை பார்த்தவர். எந்தப் பாதுகாப்பைக் கழற்றினாலும் கழற்றிய ஆளே அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஓய்வு பெற்றுப் பதினொரு வருடமாகியும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

இன்று பின்னேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வந்தவர் வீட்டுக்குள் போகாமல் பின்பக்கம் போய், கழிவுநீர் ஓடும் கானோரம், எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் குந்தினார்.

கசிவு வந்தால் கண் இமைக்க முன்னம் விழுந்து ஆளைக் காப்பாற்றுவது டிரிப் சுவிச். அது இல்லாத வீட்டில் எர்த் கம்பியாவது ஒழுங்காக இருக்க வேண்டும். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும் கம்பி.

மெல்ல இழுத்துப் பார்த்தார்.

கம்பி கையோடு வந்தது.

கடல் உப்பு அதை மண்ணுக்குள்ளேயே தின்று முடித்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது.

றஹ்மா!

மனைவிக்கு முழங்கால் வாதம். சுடுதண்ணீரில் குளிக்கும்படி டொக்டர் சொன்ன கிழமையே ஹீட்டர் வாங்கி, தன் கையாலேயே பூட்டிக் கொடுத்தவர் அன்ஸார். இரண்டு வருடமாக, பள்ளிக்குப் போகுமுன் ஹீட்டரைப் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். திரும்பி வந்து, “சூடு காணுமா?” என்று கேட்பார். “நல்ல சூடு” என்பாள். மூன்று மகள்மாரையும் கட்டிக்கொடுத்த வீட்டில் அந்த இரண்டு சொல்லைக் கேட்பதுதான் அவருக்கு அன்றாடச் சந்தோசம்.

இன்றும் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்.

டிரிப் இல்லை. எர்த் இல்லை. ஹீட்டருக்குள் மயிரளவு கசிவு இருந்தாலும் அது போவதற்கு இனி றஹ்மாவின் உடம்பு மட்டும்தான் வழி.

“றஹ்மா! பைப்பைத் தொடாத! வெளிய வா!”

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

ஓடினார். எழுபத்தொரு வயதுக் கால் ஈரச் சீமெந்தில் வழுக்கியது. தோள் கதவு நிலையில் இடித்தது. குசினியைத் தாண்டி, ஹாலுக்குள் புகுந்து, மெயின் சுவிச்சை அடித்து இறக்கினார். பிரிட்ஜின் உறுமல் நின்றது.

அப்போதுதான் பக்கத்தில் கண் போனது. டிரிப் சுவிச் விழுந்திருந்தது. அதற்குக் கீழே வீடு கூட்டும் தும்புத்தடி சாத்தியிருந்தது.

அவருக்கு விளங்கவில்லை. நேற்றிலிருந்து அதற்குள் மின்சாரமே ஓடவில்லை. மின்சாரம் ஓடாத டிரிப் தானாக விழாது. யாரோ இறக்கியிருக்க வேண்டும்.

குளியலறைக் கதவைத் தட்டினார். இடித்தார். கொண்டி கழன்று கதவு திறந்தது.

றஹ்மா குளிக்கும் துணியோடு மூலைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். நனைந்திருந்தது ஒரு கை மட்டும். இருவருக்கும் நடுவில் தண்ணீர் ஆவி பறக்க விழுந்துகொண்டிருந்தது.

“தண்ணி சுடுது,” என்றாள். பற்கள் அடித்தன. “நான் டிரிப்ப இறக்கிட்டுத்தானே வந்தன். எப்பிடிச் சுடுது?”

“ஹீட்டர் போட்டாச் சுடும்தானே.”

“ரெண்டு வருசமாச் சுடல்லயே!”

அன்ஸார் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இதப் பூட்டின அண்டைக்கு, பச்சை வயரத் தூக்கிக் காட்டி, இது கறுப்புத்தானே எண்டு என்னட்டக் கேட்டீங்க. அண்டையிலிருந்து குளிர் தண்ணிதான். நீங்க பள்ளிக்குப் போனதும் இறக்குவன், வரமுந்தி ஏத்துவன். இந்த மழைக்குக் கால் உளைவில மூணு நாள் ஏத்த மறந்திட்டன்.”

“மழைக்கு விழுந்திருக்கும் எண்டு நீதானே சொன்னாய்.”

“பின்ன? மாப்பிள்ளைமாருக்கு முன்னால நாப்பது வருசச் சர்வீஸ் எண்டு நெஞ்ச நிமித்துற மனுசனுக்கிட்ட, உங்களுக்கு நிறம் தெரியல்ல எண்டு சொல்லச் சொல்றீங்களா?”

அவர் அதைக் கேட்கவில்லை. அவருடைய கை சட்டைப் பையில் போனைத் தேடிக்கொண்டிருந்தது.

கிண்ணியாவில் மூத்த மகள் நப்லா கட்டிய புது வீட்டுக்குப் போன வருடம் வயரிங் செய்ததும் அவர்தான். குளியலறை ஹீட்டர் உட்பட. ஞாயிற்றுக்கிழமை அவள் கோல் எடுத்திருந்தாள். குளிக்கப் போகும்போதெல்லாம் டிரிப் விழுகிறது என்றாள். மழைக்குத்தான் என்று சிரித்து, அன்றைக்கே போய் அங்கேயும் நேராக வயர் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வீட்டில் டிரிப்பை இறக்க றஹ்மா இல்லை. அங்கே அது தானாகவே விழுந்திருக்கிறது.

நப்லாவின் இலக்கத்தை அழுத்தினார். மறுமுனையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. றஹ்மா தண்ணீரை நிறுத்த மறந்து அவருடைய முகத்தையே பார்த்தாள்.

“என்ன வாப்பா, மூச்சு வாங்குது?”

“மெயின இறக்கு மகள். இப்ப, போனக் கையில வச்சிக்கொண்டே இறக்கு. புள்ளைகள் எங்க?”

“சின்னவன் குளிக்கப் போறான்... பொறுங்க... இறக்கிட்டன். ஏன் வாப்பா?”

“நான் வாற வரைக்கும் ஆரும் ஏத்தப்படாது.”

இப்போதே போகலாம். ஆனால் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். பகலிலேயே நிறம் பிடிபடாத கண். ஓர்ஸ் ஹில்லில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஸாஜிதை, வயர் முறுக்கத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் கேலி பண்ணித் திரிந்தவர் அன்ஸார். அவனுடைய இலக்கத்தைத் தேடி எடுத்தார்.

நாளை காலை ஏழு மணிக்கு ஸாஜிதைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போக வேண்டும். வீடு முழுவதையும் அவன் பார்க்க வேண்டும். முதலில் குளியலறை.