சிறுகுறிஞ்சான் மென்ற நாக்கு

பரஞ்சோதிக்குச் சர்க்கரை வியாதி. யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு காலையில் சிறுகுறிஞ்சான் இலையை மென்றார். பிறகு சீனி போட்டுக் குடித்த காப்பி இனிக்கவில்லை. சந்தேகப்பட்டு ஒரு சிட்டிகை சீனியை வாயில் போட்டுப் பார்த்தார். மணல் மாதிரி இருந்தது.

"இந்த இலை சர்க்கரையைக் கொன்றுவிட்டது" என்றது நாக்கு.

அன்றோடு மாத்திரையை நிறுத்தினார். தினமும் இலை, அதன்மேல் காப்பி. காப்பி சப்பென்று இருக்கிறதே என்று சீனியில் ஒரு கரண்டி கூட்டினார், பிறகு இரண்டு. நாக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நாலு மாதம் போனது. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் மோதிர விரலில் ஊசியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மிஷினில் வைத்தார்.

மிஷின் எண்ணைக் காட்டுவதற்குள் மோதிர விரல் நாக்கிடம் கேட்டது:

"சர்க்கரை இல்லை என்பது உனக்கு நிச்சயமா?"

"அறுபது வருஷமாக ருசி பார்க்கிறேன். இருந்தால் எனக்குத் தெரியாதா?"

"இப்போது ஊசி குத்தியது எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் ரத்தம் வந்ததே."

"வலிக்கவில்லை அல்லவா? அதுவும் இலையின் குணம்தான்" என்றது நாக்கு.

மிஷின் முந்நூற்று நாற்பது என்று காட்டியது.

"மிஷின் கெட்டுப்போச்சு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பரஞ்சோதி நடுவிரலை நீட்டினார். அது நடுங்கியது.

பக்கத்திலிருந்த மோதிர விரல் சொன்னது: "பயப்படாதே. உனக்கும் வலிக்காது."